ஒட்டகம் போன வழியில் ஒரு சொல்

கலைச்சொல் ஆக்குவோர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒரு திறந்த மடல்

செரண்டிபிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறந்த நாள் உண்டு: 1754 ஜனவரி 28. பெரும்பாலான சொற்களுக்குத் தாய் தகப்பன் யாரென்றே தெரியாது. இந்தச் சொல்லுக்கோ பெற்றவர், பிறந்த நாள், பிறந்த காரணம் எல்லாமே ஒரு கடிதத்தில் பதிவாகியிருக்கின்றன. எழுதியவர் ஹொரேஸ் வால்போல், பிரிட்டனின் முதல் பிரதமர் என்று கருதப்படும் ராபர்ட் வால்போலின் கடைசி மகன். லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைப் பழங்காலக் கோட்டை போலக் கட்டிக்கொண்டு, ஓவியமும் பழம்பொருளும் சேர்த்து வாழ்ந்தவர். பத்தாண்டு கழித்து, 1764இல், 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' என்ற பேய்க்கதை நாவலை எழுதியவரும் இவரே. கடிதம் போனது இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு. அங்கே பிரிட்டனின் தூதராக இருந்த ஹொரேஸ் மான் என்பவருக்கு. இருவரும் கடைசியாக நேரில் பார்த்துக்கொண்டது 1741இல். அதன்பின் 1786இல் மான் இறக்கும்வரை நட்பு முழுக்கத் தபாலிலேயே நடந்தது. அந்தத் தபால் இல்லையென்றால் இந்தச் சொல்லும் இல்லை.

அந்தக் கடிதத்துக்குக் காரணம் ஓர் ஓவியம். 16ஆம் நூற்றாண்டில் டஸ்கனியின் கோமகனை மணந்த வெனிஸ் நகரத்துப் பெண் பியாங்கா கப்பெல்லோவின் உருவப்படத்தை மான் வாங்கி அனுப்பியிருந்தார். படம் வந்து சேர்ந்ததும், அதன் சட்டத்தில் எந்தக் குலச்சின்னத்தைப் பொறிக்கலாம் என்ற யோசனை வால்போலுக்கு. வெனிஸ் குடும்பங்களின் சின்னங்களைத் தொகுத்த பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, கப்பெல்லோ குடும்பச் சின்னத்தில் அந்தக் கோமகனின் மெடிச்சி குலத்தோடு உள்ள உறவைக் காட்டும் ஒரு குறி கண்ணில் பட்டது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பழம்பொருள் பித்துப் பிடித்த ஒருவருக்கு மட்டுமே இனிக்கும் செய்தி. ஆனால் தமக்கு இப்படி அடிக்கடி நேர்வதாகவும், அதைச் சொல்லத் தாமே ஒரு சொல்லை உண்டாக்கியிருப்பதாகவும் வால்போல் நண்பருக்கு எழுதினார். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லை முதலில் ஆங்கிலத்தில் எழுதியவரும் அவர்தான், 1740இல். சொல் விளையாட்டு அவருக்குக் கைவந்த கலை.

புதுச்சொல்லுக்குப் பொருள் சொல்வதைவிட, அது வந்த வழியைச் சொன்னால் நன்றாக விளங்கும் என்று அவரே கதைக்குப் போகிறார். எப்போதோ படித்த அற்பமான ஒரு தேவதைக் கதை. செரண்டிப் நாட்டு இளவரசர் மூவர் ஊர் சுற்றுகிறார்கள். தாங்கள் தேடிப் போகாத விஷயங்களைத் தற்செயலாலும் மதிநுட்பத்தாலும் வழியெல்லாம் கண்டறிந்துகொண்டே போகிறார்கள். இந்த விளக்கத்தில் மூன்று கூறுகள் உள்ளன: தேடாமை, தற்செயல், மதிநுட்பம். மூன்றும் சேர்ந்தால்தான் வால்போலின் சொல். பின்னாளில் இந்தச் சொல்லுக்கு நேர்ந்ததெல்லாம் மூன்றாவது கூறு கழன்று விழுந்த கதைதான். தமிழில் இதற்கு வழங்கும் பெயர்களின் குறையும் அங்கேதான் இருக்கிறது.

சொல்லைப் பெற்றவர் கதையைச் சரியாக நினைவில் வைத்திருக்கவில்லை. வலக்கண் குருடான கோவேறு கழுதை ஒன்று அந்த வழியே போயிருக்கிறது என்று இளவரசரில் ஒருவர் ஊகித்ததாக எழுதுகிறார். பாதையின் இடப்பக்கத்தில் புல் மட்டமாக இருந்தும் அங்கேதான் அது மேய்ந்திருந்ததாம். மூலக்கதையில் வருவது ஒட்டகம். வால்போல் தரும் இன்னொரு எடுத்துக்காட்டு அரண்மனை வம்பு. ஒரு வீட்டு விருந்தில் மகளுக்குத் தாயே அளவுக்கு மீறி மரியாதை காட்டுவதைப் பார்த்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, அந்தப் பெண்ணை யார்க் கோமகன் இரகசியமாக மணந்துகொண்டார் என்று யூகித்துவிட்டார். கறாராகப் பார்த்தால் இரண்டு எடுத்துக்காட்டிலும் தற்செயல் குறைவு, துப்பறிதல் மிகுதி. சொல்லின் முதல் நாளிலேயே வரையறைக்கும் எடுத்துக்காட்டுக்கும் இடையில் ஒரு விரிசல் இருந்தது.

வால்போல் அற்பம் என்று ஒதுக்கிய கதையின் பயணம் நீளமானது. 1557இல் வெனிஸில் மிக்கேலே டிரமெட்சினோ என்ற பதிப்பாளர் அதை இத்தாலியத்தில் அச்சிட்டார். பாரசீகத்திலிருந்து பெயர்த்தவர் கிறிஸ்டோஃபோரோ ஆர்மேனோ, அதாவது ஆர்மீனியாவின் கிறிஸ்டோஃபர், என்று முகப்பு சொல்கிறது. அதைத் தழுவி 1719இல் பிரெஞ்சில் ஒரு நூல் வந்தது; அதிலிருந்து 1722இல் ஆங்கில நூல். கதையின் பாரசீக ஊற்று டில்லியில் இருந்த அமீர் குஸ்ரோ 1302இல் எழுதிமுடித்த 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்ற கதைக்காவியம். அதற்கு முன்னோடி நிஜாமியின் 'ஹஃப்த் பைக்கர்'. இரண்டுக்கும் நாயகன் ஐந்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட பஹ்ராம் என்ற சாசானிய அரசன். இத்தாலிய நூலில் அவன் பெராமோ ஆகிவிட்டான்.

இத்தாலிய நூல் சொல்லும் கதை இது. செரண்டிப் அரசன் ஜாஃபர் தன் மூன்று மகன்களையும் அறிஞர்களிடம் விட்டுப் படிக்க வைக்கிறான். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொருவராகக் கூப்பிட்டு அரியணையை ஏற்கச் சொல்கிறான். மூவரும் பணிவாக மறுக்கிறார்கள். உள்ளுக்குள் மகிழ்ந்தாலும் வெளியே கோபித்துக்கொண்டவன் போல நடித்து நாட்டைவிட்டு அனுப்புகிறான். உலகம் பார்த்து வரட்டும் என்பது எண்ணம். பெராமோவின் நாட்டில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிர்ப்படுகிறான். ஒட்டகத்துக்கு ஒரு கண் இல்லையே, ஒரு பல் இல்லையே, ஒரு கால் நொண்டியே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் ஏற்றியிருந்தது, மேலே கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்கள்தான் திருடியிருக்க வேண்டும் என்று அவன் அரசனிடம் முறையிட, மூவரும் சிறைக்குப் போகிறார்கள். ஒட்டகம் வேறொருவன் கையில் அகப்பட்ட பிறகே விடுதலை. எப்படித் தெரிந்தது என்று அரசன் கேட்டபோது அவர்கள் சொன்ன காரணங்களில் மாயமோ மந்திரமோ எதுவும் இல்லை. புல் ஒரு பக்கம் மட்டும் மேய்ந்திருந்தது. மென்று துப்பிய புல் உருண்டைகள் ஒட்டகப் பல்லின் அளவில் வழியெங்கும் கிடந்தன. ஒரு காலின் தடம் இழுபட்டிருந்தது. ஒரு பக்கம் எறும்புச் சாரி, மறுபக்கம் ஈ மொய்ப்பு. ஒட்டகம் மண்டியிட்ட இடத்தில், இறங்கிய பெண் கைகளை ஊன்றி எழுந்த அடையாளம்.

இந்த ஒட்டகம் தமிழ்நாட்டு வழியாகவும் போயிருக்கிறது. அளகாபுரியை ஆண்ட அளகேசன் என்ற அரசனின் நான்கு அமைச்சர்களைப் பற்றிய தமிழ்க் கதைத்தொகுதியில், அந்த நால்வரும் அமைச்சரானதே ஒரு ஒட்டகத்தால்தான். ஒட்டகத்தைத் தேடி வந்த வணிகனிடம் ஒரு கால் நொண்டியா என்று ஒருவர் கேட்கிறார். வலக்கண் குருடா என்று இரண்டாமவர். வால் குட்டையா என்று மூன்றாமவர். வயிற்று வலியா என்று நான்காமவர். காரணங்களும் இங்கே வேறு. இடப்பக்கத்து மரங்களின் இலை மட்டும் கடிபட்டிருந்தது. வழியில் இரத்தத் துளிகள் கிடந்தன. கொசுவும் ஈயும் கடித்தபோது வீசி விரட்ட வால் எட்டவில்லை. முன்னங்காலின் தடம் அழுந்தியும் பின்னங்காலின் தடம் பட்டும் படாமலும் இருந்தன; வலியில் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்திருக்கிறது. அளகேசன் வணிகனுக்கு இழப்பீடு கொடுத்து, நால்வரையும் அமைச்சராக்கிக்கொள்கிறான். பண்டித ச. ம. நடேச சாஸ்திரி இந்தக் கதைத்தொகுதியை ஆங்கிலத்தில் பெயர்க்க, 1889இல் அது அச்சாயிற்று. வெண்ணெயையும் தேனையும்விடக் குட்டை வாலும் இரத்தத் துளியும் நம்பும்படி இருக்கின்றன என்று தோன்றினால், அது ஊர்ப்பற்று மட்டும் அல்ல. மாடு மேய்த்தவர்கள் சொன்ன கதையின் மணம் அதில் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதே கதையை வால்டேர் தம் 'ஸாதிக்' நூலில் எடுத்துக்கொண்டார். அங்கே ஒட்டகத்துக்குப் பதில் அரசியின் நாயும் அரசனின் குதிரையும். உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1880இல், தடயத்திலிருந்து கடந்தகாலத்தை ஊகிக்கும் அறிவியல்களின் முறை இதுவே என்று கட்டுரை எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

இனிப் பெயர். செரண்டிப் என்பது இலங்கை. அரபியரும் பாரசீகரும் அந்தத் தீவைச் சரந்தீப் என்றனர். நான்காம் நூற்றாண்டு ரோம வரலாற்றாசிரியர் அம்மியானுஸ் மார்செல்லினுஸ், ஜூலியன் பேரரசனுக்குத் தூது அனுப்பிய மக்களில் செரெந்திவி என்போரையும் குறிக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதிய கொஸ்மாஸ், சியெலதிபா என்கிறார். பாலியில் சீஹளதீப, வடமொழியில் சிம்ஹளத்வீப. இவற்றை ஒப்பிட்டு, லகரம் ரகரமாகத் திரிந்ததே சரந்தீப் என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்கின்றனர். சேரன் தீவு என்பதே மூலம் என்று தமிழில் ஒரு கருத்து அவ்வப்போது தலைகாட்டுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. அகராதியில் ஏறும் அளவுக்குச் சான்று இல்லை. தமிழுக்கு உள்ள உண்மையான உறவு சொல்லின் பின்பாதியில் இருக்கிறது. செரண்டிப் என்பதில் உள்ள 'திப்' என்பதும் தமிழின் 'தீவு' என்பதும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் இருப்பதும் அதுவே. ஆக, மகிழ்ச்சியான தற்செயலைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறவர் ஒவ்வொரு முறையும் தம்மை அறியாமல் 'தீவு' என்று சொல்லிவிடுகிறார்.

1344இல் இலங்கைக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதா, தீவை ஸைலான் என்றும், ஆதம் மலை என வழங்கும் சிவனொளிபாத மலையைச் சரந்தீப் மலை என்றும் எழுதினார். அந்த மலைக்கு அவர் போக வழிசெய்து கொடுத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. போர்த்துக்கேயர் வந்தபின் சரந்தீப் என்ற பெயர் ஐரோப்பிய வரைபடங்களில் மங்கி, சிலோன் என்பதன் வடிவங்கள் நிலைத்தன. சரந்தீப் என்பது சிந்துபாத் போன்ற கதைகளுக்குள் ஒதுங்கிவிட்டது. வால்போல் அந்தக் கதைப்பெயரை எடுத்து, லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பண்புப்பெயர் விகுதியை ஒட்டினார். சொல்லைப் பிரிக்கும் இடம் 'செரண்டிப்' என்பதற்குப் பின்னால். 'பிட்டி' என்று தனி உறுப்பு ஏதும் இல்லை.

பிறந்த சொல் உடனே புழக்கத்துக்கு வரவில்லை. மானுக்கு எழுதிய கடிதங்கள் அச்சானதே 1833இல். அதன்பின்னும் நாற்பதாண்டு யாரும் கையாளவில்லை. 1875இல் எட்வர்ட் சாலி என்ற வேதியியலாளர் அதை 'நோட்ஸ் அண்ட் குவெரீஸ்' இதழில் எழுப்பிவிட்டார். அவர் புத்தகம் சேர்ப்பவரும்கூட. பழைய புத்தகக் கடைகளில் தேடாத புத்தகம் கிடைப்பதன் சுகம் தெரிந்தவர்களிடையேதான் சொல் முதலில் உலவியது.

அறிவியலாளரிடம் அதைக் கொண்டு சேர்த்தவர்களில் ஹார்வர்டின் உடலியங்கியல் பேராசிரியர் வால்டர் கேனன் முக்கியமானவர். 1945இல் வந்த தம் நூலில் செரண்டிபிட்டியால் விளைந்த ஆதாயங்களுக்கென்று ஓர் இயலையே ஒதுக்கினார். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனுக்கு இந்தச் சொல் கிடைத்த விதம் இன்னும் பொருத்தம்: 1930களில் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் வேறொரு சொல்லைத் தேடியபோது இது கண்ணில் பட்டது. எலினார் பார்பருடன் சேர்ந்து இந்த ஒரு சொல்லின் வரலாற்றை முழு நூலாகவே எழுதி 1958இல் முடித்தார். பிறகு பெட்டியில் வைத்துவிட்டார். இத்தாலிய மொழிபெயர்ப்பு 2002இல் வந்தது. ஆங்கில மூலம் 2004இல் வந்தபோது ஆசிரியர் இருவரும் உயிரோடு இல்லை. அவர்கள் தேடிய வரையில் 1958க்கு முன் அந்தச் சொல் அச்சில் வந்தது 135 முறைதான். அடுத்த அரை நூற்றாண்டில் அது எங்கும் தென்பட்டது; 2001இல் ஹாலிவுட் காதல் படம் ஒன்றின் பெயராகவும் ஆயிற்று.

பரவப் பரவப் பொருள் நீர்த்தது. இன்றைய பேச்சில் செரண்டிபிட்டி என்றால் பெரும்பாலும் இனிய தற்செயல், அவ்வளவே. பழைய நண்பரை ரயில் நிலையத்தில் சந்திப்பதும் செரண்டிபிட்டி ஆகிவிட்டது. விழுந்துபோன கூறு எது என்பதைப் பெனிசிலின் கதை தெளிவாகக் காட்டும். 1928 செப்டம்பரில், விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனைக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருப்பதையும், அதைச் சுற்றிப் பாக்டீரியா கரைந்திருப்பதையும் கண்டார். பூஞ்சை பிடித்த தட்டு எந்த ஆய்வகத்திலும் குப்பைக்குப் போகும் பொருள். ஆனால் ஃபிளெமிங் சில ஆண்டுகளுக்கு முன் மூக்குச்சளியில், பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமைக் கண்டறிந்தவர். கரைந்த வட்டம் என்றால் என்ன என்று அவர் கண்ணுக்கு முன்பே பழக்கம் இருந்தது. பூஞ்சை விழுந்தது தற்செயல். வட்டத்தைப் பார்த்து நின்றது தற்செயல் இல்லை. ஆயத்தமான அறிவுக்கே தற்செயல் கைகொடுக்கிறது என்ற கருத்தை லூயி பாஸ்டர் 1854இலேயே லீல் நகரச் சொற்பொழிவில் சொல்லியிருந்தார், செரண்டிபிட்டி என்ற சொல்லின் துணையில்லாமலே.

நீர்த்துப்போனதைத் திருத்த அறிஞர்கள் சில வேலிகள் போட்டனர். வேதியியலாளர் ராய்ஸ்டன் ராபர்ட்ஸ் 1989இல் போலி செரண்டிபிட்டி என்று ஒரு வகையைப் பிரித்தார்: தேடிய பொருளே தற்செயலாகக் கிடைப்பது. ரப்பரைக் கெட்டிப்படுத்தும் வழியை ஆண்டுக்கணக்கில் தேடிய சார்லஸ் குட்இயருக்கு 1839இல் சூடான அடுப்பருகே அது அகப்பட்டது இந்த வகை. நாவலாசிரியர் வில்லியம் பாய்ட் 1998இல் 'ஆர்மடில்லோ' என்ற நாவலில் எதிர்ச்சொல் ஒன்றும் உண்டாக்கினார். வெப்பத் தீவான செரண்டிப்புக்கு எதிராக ஆர்க்டிக்கின் பனித்தீவான நோவா ஸெம்ப்ளாவை எடுத்து, ஸெம்ப்ளானிட்டி என்றார். துயரமும் கேடுமான, எதிர்பார்த்தவற்றையே திட்டமிட்டுக் கண்டறியும் தன்மை என்று பொருள்.

தமிழ்ப் பழமொழிகள் இந்த நிலப்பரப்பை எப்போதோ அளந்து கல் நட்டிருக்கின்றன. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருவது ராபர்ட்ஸ் சொன்ன போலி வகை; தேடியதே கிடைக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுவதில் ஸெம்ப்ளானிட்டியின் கேடு உண்டு, ஆனால் அது எதிர்பாராமல் வருகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிவதும் அதற்குப் பக்கத்து மனைதான், ஆனால் குற்றம் கையினுடையது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது மதிநுட்பம் கலக்காத வெறும் தற்செயல். பழம் நழுவிப் பாலில் விழுவதில் நன்மை உண்டு, அறிவுக்கு வேலை இல்லை. தேடாதது கிடைத்து, அது நல்லதாகவும் இருந்து, அதை அறியப் புத்தியும் வேண்டியிருக்கும் அந்த ஒரு மூலைக்கு மட்டும் பழமொழி இல்லை. அங்கே இருப்பது பழமொழி அல்ல, கதை: அளகேசனின் நான்கு அமைச்சர்கள்.

தமிழில் இப்போது எழுதப்படும் 'எதிர்பாரா நற்பேறு', 'இனிய தற்செயல்' போன்றவை, நீர்த்த பொருளுக்குப் போதும். ரயில் நிலையச் சந்திப்புக்கு அவை சரி; ஃபிளெமிங்கின் தட்டுக்குச் சரியல்ல. பேறு வாய்க்கிறது, நல்வாய்ப்பு வருகிறது. இரண்டிலும் மனிதன் சும்மா இருக்கிறான். 'தற்செயல் கண்டுபிடிப்பு' என்பதில் வேறு இடர். கண்டுபிடித்தல் என்ற வினையில் ஒரு துரத்தல் உண்டு: திருடனைக் கண்டுபிடிக்கிறோம், விடையைக் கண்டுபிடிக்கிறோம், இரண்டும் தேடியவை. தேடாத பொருளுக்குத் தமிழ் வேறு வினைகளை வைத்திருக்கிறது. கிடைத்தல், தட்டுப்படுதல், அகப்படுதல் ஆகியவற்றில் பொருளே வந்து சேர்கிறது. கண்டெடுத்தல் வேறு. வழியில் கிடந்த மோதிரத்தைக் கண்டெடுக்கிறோம். மோதிரத்தைத் தேடிப் போகவில்லை, அது கிடந்தது தற்செயல், ஆனால் பல பேர் மிதித்துப் போன இடத்தில் கண்டதும் எடுத்ததும் ஒருவரின் கண்ணும் கையும். வால்போலின் மூன்று கூறுகளும் இந்த வினைக்குள் ஏற்கெனவே உள்ளன. பண்புப்பெயர் வேண்டும் இடத்தில் 'கண்டெடுப்பு' என்பதும், அந்தத் திறனைச் சொல்லும் இடத்தில் 'கண்டெடுக்கும் கண்' என்பதும் நிற்கும்.

ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. பிரெஞ்சும் ஸ்பானிஷும் அப்படித்தான் செய்தன; ஸ்பானிய அகாதமி 2014இல் தன் அகராதியில் 'செரெண்டிபியா' என்று ஏற்றது. தமிழ் அகராதி எந்த வழியை எடுத்தாலும் பதிவில் பொருள் இரண்டாகப் பிரிய வேண்டும்: முதலில் 1754இன் பொருள், அடுத்து இன்றைய நீர்த்த பொருள். சொற்பிறப்பில் வெனிஸும் டில்லியும் இலங்கையும் இடம்பெற வேண்டும். விலங்கு ஒட்டகம், கோவேறு கழுதை வால்போலின் மறதி.